உடலே நாட்காட்டி

நுழையும்முன்

ஆற்றில் பிறந்து கடலில் வளரும் மீன்கள் உண்டு. கடலில் பிறந்து ஆற்றில் வளரும் மீன்களும் உண்டு. இவற்றின் குஞ்சுகள் தாம் புறப்பட வேண்டிய காலத்தை எவ்வாறு அறிகின்றன? வயது, பருவம், நீர்ப்பெருக்கு ஆகியவற்றோடு உடலின் அளவும் அப்பயணத்தை முடிவு செய்கிறது என்பதை மீனியல் ஆய்வுகள் நிறுவியுள்ளன. ஒரு சிறு குஞ்சின் நீளத்துக்கும் ஒரு பேராற்றின் போக்குக்கும் உள்ள தொடர்பைக் காவிரிக் கரையில் நின்று ஆராய்கிறது இப்பாடம்.

காவிரியின் இரு நாட்காட்டிகள்

சேலம் மாவட்டத்தின் மேற்கு எல்லையில் காவிரியின் குறுக்கே நிற்கிறது மேட்டூர் அணை. 1925ஆம் ஆண்டு தொடங்கிய இதன் கட்டுமானம் 1934ஆம் ஆண்டு நிறைவுற்றது. முழுக்கொள்ளளவு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 ஆயிரம் மில்லியன் கன அடி. அணையைக் கடந்த காவிரி தெற்கு நோக்கித் திரும்பி, குமாரபாளையம், பள்ளிபாளையம், ஜேடர்பாளையம், பரமத்திவேலூர், மோகனூர் என நாமக்கல் மாவட்டத்தின் கரையோர ஊர்களைத் தொட்டுச் செல்கிறது. சேர்வராயன் மலையில் தோன்றும் சரபங்கா ஆறும் திருமணிமுத்தாறும் சமவெளியில் ஓடி வந்து இவ்வழியில் காவிரியோடு கலக்கின்றன.

இவ்வாற்றின் நீர் இன்று ஒரு நாட்காட்டியின்படி ஓடுகிறது. காவிரிப் படுகைப் பாசனத்திற்காக ஜூன் 12ஆம் நாள் அணையைத் திறப்பதும் ஜனவரி 28ஆம் நாள் மூடுவதும் மரபு. நீர் இருப்பைப் பொறுத்து இந்நாள்கள் முன்பின்னாக மாறுவதுண்டு. எனினும் கணக்கு உழவனின் பயிரைச் சார்ந்தது.

ஆற்றில் வாழும் மீனுக்கோ வேறொரு நாட்காட்டி உண்டு. அது மீனின் உடலிலேயே எழுதப்பட்டிருக்கிறது. குறிப்பிட்ட அளவை உடல் எட்டியபின், உரிய பருவமும் நீர்ப்பெருக்கும் கூடிவந்தால் மீன் புறப்படும். இம்மூன்றில் ஒன்று தவறினும் பயணம் தள்ளிப்போகும். சிலவேளைகளில் நிகழாமலே போகும்.

ஒரே நாளில் பிறந்தும்

ஒரே தாய்மீனின் முட்டைகளிலிருந்து ஒரே நாளில் வெளிவந்த குஞ்சுகளைச் சில திங்கள் கழித்து அளந்தால், அவை ஒரே நீளத்தில் இருப்பதில்லை. ஒன்று சுண்டுவிரல் அளவில் இருக்கும். மற்றொன்று உள்ளங்கை நீளத்தை எட்டியிருக்கும். பாலூட்டிகளில் இத்தகைய பெரும் வேறுபாட்டைக் காண்பது அரிது. மீன்களில் இது இயல்பு.

மீனின் வளர்ச்சி நீரின் வெப்பநிலை, இரையின் அளவு, நீரில் கரைந்துள்ள உயிர்வளி, கூட்டத்தின் நெரிசல் ஆகியவற்றைச் சார்ந்தது. மீனுக்குத் தன் உடல்வெப்பத்தைத் தானே நிலைநிறுத்தும் ஆற்றல் பெரும்பாலும் இல்லை. தாங்கும் எல்லைக்குள் நீர் வெதுவெதுப்பாக இருந்தால் செரிமானம் விரைவுபடும். இரையும் போதிய அளவு கிடைத்தால் உடல் விரைந்து வளரும். குளிர்ந்த நீரிலும் உயிர்வளி குன்றிய நீரிலும் வளர்ச்சி தளரும்.

தொடக்கத்தில் தோன்றும் சிறு வேறுபாடு காலப்போக்கில் பெருகுவதும் உண்டு. ஓரிரு நாள் முன்னதாகப் பொரிந்த குஞ்சு முதலில் இரை தேடத் தொடங்குகிறது. அதனால் சற்றுப் பெரிதாகிறது. பெரிதானதால் நல்ல இடத்தைப் பிடிக்கிறது, சிறியவற்றை விரட்டுகிறது, மேலும் இரை பெறுகிறது. இவ்வாறு சில மில்லிமீட்டர் முந்தியிருந்த குஞ்சு, மழைக்காலம் முடிவதற்குள் தன் உடன்பிறப்புகளை விடப் பன்மடங்கு எடை கொண்டதாகிவிடுகிறது.

எண்மடங்குக் கணக்கு

உடலின் அளவு ஏன் இத்துணை இன்றியமையாததாகிறது? இதற்கு எளிய கணக்கு ஒன்று விடை தரும். 5 சென்டிமீட்டர் நீளமுள்ள மீன், வடிவம் மாறாமல் 10 சென்டிமீட்டராக வளர்கிறது எனக் கொள்க. நீளம் இருமடங்கு ஆகும்போது உடலின் மேற்பரப்பு நான்கு மடங்காகிறது. எடையோ எட்டு மடங்காகிறது. இந்த ஏற்றத்தாழ்விலிருந்து மீனின் வாழ்வைத் தீர்மானிக்கும் நான்கு பயன்கள் பிறக்கின்றன.

முதலாவது, பகையிலிருந்து தப்புதல். பெரும்பாலான இரைதேடி மீன்கள் இரையை மென்று தின்பதில்லை, முழுதாக விழுங்குகின்றன. ஆகவே அவற்றின் வாய்ப்பிளவை விடப் பெரிதாக வளர்ந்துவிட்ட குஞ்சு ஓரளவு தப்பித்துக்கொள்கிறது. நீர்த்தேக்கங்களில் கட்லா, ரோகு, மிர்கால் முதலிய கெண்டை இனக் குஞ்சுகளை விடும்போது இவ்வுண்மை நடைமுறையில் பின்பற்றப்படுகிறது. வாளையும் விராலும் வாழும் நீர்த்தேக்கத்தில் நுண்குஞ்சுகளை விட்டால் பெரும்பகுதி இரையாகிவிடும். எனவே பண்ணைக் குளங்களில் வைத்து வளர்த்து, 100 மில்லிமீட்டர் நீளத்துக்கு மேற்பட்ட விரலளவுக் குஞ்சுகளாக விடுமாறு மீன்வள அறிவியலார் பரிந்துரைக்கின்றனர்.

இரண்டாவது, பசி தாங்கும் ஆற்றல். பெரிய உடலில், ஒரு கிராம் எடைக்குச் செலவாகும் ஆற்றல் குறைவு. சேமித்த கொழுப்போ மிகுதி. ஆகவே இரை கிடைக்காத நாள்களைப் பெரிய குஞ்சு கடந்துவிடும்; சிறிய குஞ்சு மடிந்துவிடும்.

மூன்றாவது, நீந்தும் விரைவு. மீனின் விரைவை அதன் உடல்நீளத்தால் அளப்பது வழக்கம். நொடிக்கு நான்கு உடல்நீளம் நீந்துவதாகக் கொண்டால், 5 சென்டிமீட்டர்க் குஞ்சு நொடிக்கு 20 சென்டிமீட்டர் கடக்கும். 15 சென்டிமீட்டர் மீன் 60 சென்டிமீட்டர் கடக்கும். உடல் வளர வளர இவ்விகிதம் சற்றுக் குறைந்தாலும், கடக்கும் தொலைவு கூடவே செய்யும். ஆற்றின் ஓட்டத்தை எதிர்த்து ஏறுவதற்கும் பகைக்கு அஞ்சி விரைவதற்கும் இந்த வேறுபாடு போதுமானது.

நான்காவது, உப்பைத் தாங்கும் திறன். நன்னீரில் வாழும் மீனின் உடலுக்குள் நீர் இடைவிடாது புகுகிறது. கடலில் வாழும் மீனின் உடலிலிருந்து நீர் இடைவிடாது வெளியேறுகிறது. கடல்மீன் உவர்நீரைப் பருகி, மிகுதியான உப்பைச் செவுள்களின் வழியே வெளியேற்றி உயிர் வாழ்கிறது. இந்த நீரிழப்பு உடலின் மேற்பரப்பு வழியாகவே நிகழ்வதால், எடையோடு ஒப்பிடுகையில் மேற்பரப்பு மிகுந்த சிறு குஞ்சு பெரிதும் இடர்ப்படுகிறது. வளர்ந்த குஞ்சு நிலைமாற்றத்தை எளிதில் தாங்கிக்கொள்கிறது.

தெரிந்து தெளிவோம்

மீனின் தலைக்குள், சமநிலையையும் ஒலியையும் உணர உதவும் சிறு சுண்ணக் கட்டிகள் உள்ளன. இவை செவிக்கற்கள் எனப்படும். மரத்தின் தண்டில் ஆண்டு வளையம் தோன்றுவது போல, செவிக்கல்லில் நாள்தோறும் ஒரு நுண்படலம் படிகிறது. நாள்வளையங்களை 1971ஆம் ஆண்டு ஜார்ஜோ பன்னெல்லா என்னும் அறிஞர் வெளிப்படுத்தினார். வளையங்களை எண்ணினால் குஞ்சு பிறந்த நாளைக் கணக்கிடலாம். அவற்றின் அகலத்தை அளந்தால் எந்த வாரத்தில் விரைந்து வளர்ந்தது, எந்த வாரத்தில் பசித்திருந்தது என அறியலாம். செவிக்கல்லில் படிந்துள்ள தனிமங்களின் விகிதம், மீன் நன்னீரிலிருந்து உவர்நீருக்குச் சென்ற காலத்தையும் காட்டிக்கொடுக்கும்.

தங்குவதா, புறப்படுவதா?

வலசை செல்லும் மீனுக்கு ஆறும் கடலும் இருவேறு வாய்ப்புகள். ஓரிடத்தில் இரை மிகுதி, ஆனால் பகையும் மிகுதி. மற்றோரிடத்தில் பாதுகாப்பு மிகுதி, ஆனால் இரை குறைவு. குளிர் நாடுகளில் பொதுவாகக் கடலே ஆற்றை விட இரைவளம் மிக்கது. ஆகவே அங்குள்ள சால்மன் மீன் ஆற்றில் பிறந்து கடலில் வளர்கிறது. வெப்ப மண்டலத்தில் ஆறுகளும் ஏரிகளும் இரைவளம் மிக்கவை. ஆகவே கடலில் பிறந்து நன்னீரில் வளரும் இனங்கள் இங்கு மிகுதியாக உள்ளன. இது பொதுப்போக்கே, விலக்குகளும் உண்டு.

சிறு குஞ்சாகப் புறப்பட்டால் வழியிலேயே இரையாகும் இடர் உண்டு. புறப்படாமல் நெடுங்காலம் தங்கினாலோ வளரும் வாய்ப்பு வீணாகும். ஒரு திங்களில் கிடைக்கும் வளர்ச்சியையும் அத்திங்களில் இறக்கும் வாய்ப்பையும் எடைபோட்டு, இழப்பு குறைந்த பக்கம் சாய்வதே நன்று. மீன் இக்கணக்கைப் போடுவதில்லை. தலைமுறை தலைமுறையாகத் தவறான அளவில் புறப்பட்டவை மடிந்தன. தக்க அளவில் புறப்பட்டவை தப்பிப் பெருகின. இயற்கைத் தேர்வு அவ்வளவை உடலுக்குள் பதித்துவைத்தது.

வயதா, அளவா?

இக்கருத்துக்குத் தெளிவான சான்று ஸ்காட்லாந்து நாட்டில் கிடைத்தது. அங்குள்ள பிட்லாக்ரி ஆய்வகத்தில் ஜான் தார்ப் என்னும் அறிஞர், அட்லாண்டிக் சால்மனின் உடன்பிறந்த குஞ்சுகளை ஒரே தொட்டியில், ஒரே உணவில் வளர்த்து அளந்தார். 1977ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட முடிவு மீனியலில் ஒரு திருப்பம். முதல் குளிர்காலம் வருவதற்குள் அக்குஞ்சுகள் இரு குழுக்களாகப் பிரிந்திருந்தன. இடைப்பட்ட நீளத்தில் மிகச் சிலவே இருந்தன.

பெரிய குழுவைச் சேர்ந்தவை குளிர்காலத்திலும் இரை உண்டன, வளர்ந்தன, அடுத்த இளவேனிலில், ஓராண்டு வயதில், கடலுக்குச் செல்ல ஆயத்தமாயின. சிறிய குழுவைச் சேர்ந்தவை குளிர்காலத்தில் பசியைக் குறைத்துக்கொண்டு, கற்களின் இடுக்கில் ஒடுங்கும் இயல்புடையன. அவை மேலும் ஓராண்டோ அதற்கு மேலோ ஆற்றில் தங்கும். வயது ஒன்றே, தாயும் ஒருத்தியே, எனினும் பயணத்தில் முழுதாக ஓராண்டு வேறுபாடு. இளவேனிலில் நிகழும் புறப்பாடு, முந்தைய கோடையின் பிற்பகுதியில் குஞ்சு எட்டியிருந்த அளவாலும் அதன் வளர்ச்சி விரைவாலும் முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின.

அளவை எட்டிய குஞ்சுக்குப் புறப்படும் குறிப்பைப் பகற்பொழுது தருகிறது. இளவேனிலில் பகல் நீள நீள, உடலில் மாற்றங்கள் நிகழ்கின்றன. பழுப்புப் புள்ளிகள் மறைந்து செதில்கள் வெள்ளியென மின்னுகின்றன. செவுள்களில் உப்பை வெளியேற்றும் உயிரணுக்கள் பெருகுகின்றன. தன் இடத்தைக் காத்துப் போரிட்ட குஞ்சு, கூட்டமாகச் சேர்ந்து ஓட்டத்தோடு இறங்கத் தொடங்குகிறது. இக்கால வாயில் சில வாரங்களே திறந்திருக்கும். அதற்குள் கடலை அடையாவிட்டால் உடல் மீண்டும் நன்னீர் நிலைக்குத் திரும்பும்.

ஆற்று நீர் வெதுவெதுப்பானால் குஞ்சு விரைவில் அளவை எட்டும், இளவயதிலேயே புறப்படும். வட அட்லாண்டிக் ஆறுகளில் அண்மைப் பத்தாண்டுகளில் சால்மன் குஞ்சுகளின் புறப்பாடு, பத்தாண்டுக்குச் சராசரியாக இரண்டரை நாள் முன்னதாக நிகழ்ந்து வருவதை 2014ஆம் ஆண்டு வெளியான ஆய்வு உறுதிப்படுத்தியது. ஆறு சூடேறும் விரைவில் கடலும் சூடேறினால் இழப்பு குறையும். இல்லையெனில் குஞ்சு கடலை அடையும் நாளும் அங்கு இரை பெருகும் நாளும் பொருந்தாமல் போகும்.

காவிரி இழந்த உல்லம்

தமிழ்நாட்டு ஆறுகளில் சால்மன் இல்லை. ஆயினும் அதைப் போலவே கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்கு வரும் மீன் ஒன்று உண்டு. வங்கத்தார் இலிஷ் எனப் போற்றும் அம்மீனைத் தமிழர் உல்லம் என்பர். தென்மேற்குப் பருவமழையால் ஆறு பெருக்கெடுக்கும் காலத்தில் உல்லம் கூட்டம் கூட்டமாக ஆற்றில் ஏறும். குஞ்சுகள் சில திங்கள் ஆற்றிலும் கழிமுகத்திலும் வளர்ந்து, பெரும்பாலும் ஒரு சாண் நீளத்தை நெருங்கும் பருவத்தில் கடலுக்கு இறங்கும்.

19ஆம் நூற்றாண்டில் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டது. அதனைத் திட்டமிட்டவர் பொறியாளர் ஆர்தர் காட்டன். ஆற்றைத் தடுக்கும் அணைகளால் கடலோர மீன்வளம் குன்றக்கூடும் என 1867ஆம் ஆண்டு அரசின் கவனத்துக்குக் கொண்டுசென்றவரும் அவரே. அதன் விளைவாக மீன்வளத்தை ஆராயும் பொறுப்பு, சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றிய பிரான்சிஸ் டே என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அணைகளில் மீன்வழி அமைத்தல், வலைக்கண்ணின் குறைந்த அளவை வரையறுத்தல் ஆகியவற்றை அவர் வலியுறுத்தினார். 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம், வலைகளின் அளவையும் வகையையும் ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை அரசுகளுக்கு வழங்கியது.

கீழணையில் மீன்வழி அமைத்துப் பார்த்தும் உல்லத்துக்கு அது பெரும்பயன் தரவில்லை. பின்னர் மேட்டூரில் ஆறு தேக்கப்பட்டதும், உல்லத்தை மேலே அழைத்த பெருவெள்ளங்கள் தணிந்தன. காவிரியின் உல்ல வலசை நலிந்தது. கங்கையிலும் இவ்வாறே நிகழ்ந்தது. 1975ஆம் ஆண்டு ஃபராக்கா தடுப்பணை இயங்கத் தொடங்கியபின், முன்பு அலகாபாத் வரை ஏறிய இம்மீன் அங்கு அரிதாயிற்று.

வங்காளதேசம் இன்று உல்லத்தின் குஞ்சை நீளத்தைக் கொண்டே காக்கிறது. 25 சென்டிமீட்டருக்குக் குறைந்த உல்லத்தை நவம்பர் முதல் ஜூன் வரை எட்டுத் திங்கள் பிடிப்பதும் விற்பதும் அங்குக் குற்றமாகும். மீனின் வயதைச் சந்தையில் யாரும் காண இயலாது. நீளத்தை அளவுகோலால் எவரும் காணலாம். உயிரியல் உண்மை சட்டத்தின் மொழியாக மாறியதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

சுவரேறும் விலாங்கு

பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டுவது விலாங்கு என்பது தமிழர் பழமொழி. இருபக்கமும் உறவாடுபவரைச் சுட்ட எழுந்த அப்பழமொழி, அம்மீனின் வாழ்க்கைக்கும் பொருந்துகிறது. விலாங்கு கடலில் பிறக்கிறது. ஆற்றிலும் குளத்திலும் வளர்கிறது. முட்டையிட மீண்டும் கடலுக்கே செல்கிறது.

ஐரோப்பிய விலாங்கின் பிறப்பிடத்தைக் கண்டறிந்த வரலாறே உடலளவை நம்பி நடந்த தேடலாகும். டென்மார்க்கைச் சேர்ந்த யொஹானஸ் ஷ்மித், 1904ஆம் ஆண்டு ஃபேரோ தீவுகளுக்கு அருகே 77 மில்லிமீட்டர் நீளமுள்ள விலாங்கு இளவுயிரி ஒன்றைப் பிடித்தார். இதைவிடச் சிறியவை எங்குக் கிடைக்கின்றனவோ அப்பக்கமே பிறப்பிடம் என்பது அவர் துணிபு. கப்பலில் மேற்கு நோக்கிச் சென்று வலைவீசி, மேலும் மேலும் சிறியவற்றைத் தேடிச் சென்றார். ஏறத்தாழ இருபதாண்டு உழைப்பின் முடிவில், மிகச் சிறிய இளவுயிரிகள் அட்லாண்டிக்கின் சர்காசோ கடலில் கிடைத்தன.

தமிழக ஆறுகளில் வாழும் வரி விலாங்கும் கடலில் பிறந்து, ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் நீளமுள்ள கண்ணாடி போன்ற குஞ்சாகக் கழிமுகத்தை அடைகிறது. பின் நிறம் பெற்று, ஓட்டத்தை எதிர்த்து உள்நாடு நோக்கி ஏறுகிறது. வழியில் சுவர் எதிர்ப்பட்டால் என்னாகும்? 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த விலாங்குக் குஞ்சு, ஈரமான செங்குத்துச் சுவரில் உடலை ஒட்டவைத்துக்கொண்டு ஏறிவிடும். உடலின் வழவழப்பும் ஈரப்படலத்தின் பிடிப்பும் அதைத் தாங்குகின்றன. உடல் நீண்டால் ஒட்டும் பரப்பு நான்கு மடங்காகும்போது எடை எட்டு மடங்காகிவிடுவதால் பிடிப்பு போதாமல் சறுக்கி விழும். முன்பு கூறிய கணக்கு இங்கு எதிர்த்திசையில் வேலை செய்கிறது. சிறுமை இடராக இருந்தது போய், சிறுமையே வழியாகிறது. ஆயினும் வறண்ட சுவரில் எந்தக் குஞ்சும் ஏறாது.

ஆற்றில் பல்லாண்டு வாழ்ந்தபின் விலாங்கு கடலுக்குத் திரும்பும். இப்பயணத்தையும் அளவே முடிவு செய்கிறது. ஐரோப்பிய விலாங்கில் ஆண், பெரும்பாலும் 45 சென்டிமீட்டரை எட்டுமுன்பே புறப்பட்டுவிடும். பெண், முட்டைகளைத் தாங்கும் அளவுக்குப் பெரிதாகும்வரை தங்கும். வளமான நீரில் அந்த அளவைச் சில ஆண்டுகளிலும், வளமற்ற குளிர்நீரில் இருபதாண்டு கடந்தும் அது எட்டுகிறது. திரும்பும் வழியில் நீர்மின் நிலையத்தின் விசையாழி குறுக்கிட்டால், நீண்ட உடலே ஆபத்தாகிறது. குட்டையான மீன் சுழலும் இதழ்களின் இடையே தப்பிவிடக்கூடும். நீண்ட விலாங்கு இதழில் அடிபடும் வாய்ப்பு மிகுதி. ஆகவே அணை, ஏறும்போது பெரியவற்றையும் இறங்கும்போது அவற்றினும் பெரியவற்றையும் வடிகட்டுகிறது. இறங்கும் பெரிய விலாங்குகள் பெரும்பாலும் முட்டை சுமக்கவிருக்கும் பெண்மீன்கள்.

கதவணைகளுக்கு இடையே

மேட்டூருக்குக் கீழே காவிரி இன்று தடையின்றி ஓடவில்லை. செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை எனக் கதவணைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் நீர் தேங்கி நின்று, மின்னாற்றலாக மாறி, அடுத்த கதவணைக்குச் செல்கிறது. ஓடும் ஆறு குளங்களின் வரிசையாகிறது.

இதனால் மீனின் மூன்று குறிப்புகளும் குழம்புகின்றன. முதலாவது வளர்ச்சி. தேங்கிய நீரில் வளரும் இரை வேறு. ஓடும் நீரில் வளரும் இரை வேறு. ஆழமான அணைகளின் அடிமட்டத்திலிருந்து வெளியேறும் குளிர்நீர், கீழுள்ள மீன்களின் வளர்ச்சியைத் தளர்த்துவதை ஆஸ்திரேலியாவின் மர்ரே டார்லிங் ஆற்றுப்படுகையில் ஆய்வாளர் கண்டுள்ளனர். சாயப்பட்டறைக் கழிவு, குமாரபாளையம், பள்ளிபாளையம் பகுதிகளில் காவிரியைப் பல்லாண்டாக வருத்தும் சிக்கல். கழிவால் உயிர்வளி குன்றும்போதும் குஞ்சின் வளர்ச்சி தடைப்படும். இரண்டாவது பருவக் குறிப்பு. புதுவெள்ளத்தின் கலங்கலும் குளிர்ச்சியும் விரைவும் கெண்டைகளையும் கெளுத்திகளையும் ஆற்றின் மேற்பகுதிக்கும் ஏரிக் கலிங்குகளுக்கும் அழைத்தன. அளந்து திறக்கப்படும் நீரில் அவ்வழைப்பு மங்குகிறது. மூன்றாவது வழி. அளவும் பருவமும் கூடிவந்தாலும் எதிரே கதவு மூடியிருக்கலாம்.

வேளாண்மைக்கும் மின்னாற்றலுக்கும் அணைகள் தேவை. மேட்டூர் அணையின்றிக் காவிரிப் படுகையின் இன்றைய நெல்வளம் இல்லை. மீனின் அளவை அறிந்து அணையை இயக்க இயலுமா என்பதே அறிவியலின் வினா. அதற்கு உலகில் முன்மாதிரிகள் உள்ளன. பிட்லாக்ரி அணையில் 34 தொட்டிகளைப் படிப்படியாக அடுக்கி அமைத்த மீனேணியில் சால்மன் ஏறிச் செல்கிறது. நியூசிலாந்தின் வைகாட்டோ ஆற்றிலுள்ள கராபிரோ அணையின் அடியில், மேலேற முயலும் விலாங்குக் குஞ்சுகளைப் பொறியில் திரட்டி, அணைக்கு மேலே கொண்டுபோய் விடுகின்றனர். வேறு சில நாடுகளில், தூரிகை போன்ற மயிர்க்கற்றை பதித்த ஈரமான சாய்தளங்களில் குஞ்சுகள் தாமே ஏறுகின்றன. பெருவிலாங்கு இறங்கும் இரவுகளில் விசையாழியை நிறுத்தி வைப்பதும் உண்டு.

இவை ஒவ்வொன்றும் உள்ளூர் மீனின் நீளத்தையும் அது புறப்படும் காலத்தையும் அறிந்தபின்னரே பயன்தரும். சால்மன் தாவும் உயரத்துக்கு அமைத்த மீனேணியில் கெண்டை ஏறாது. கெண்டைக்கு அமைத்ததில் ஐந்து சென்டிமீட்டர் விலாங்கு தடுமாறும். ஆதலால் முதல் பணி அளத்தலே. எந்தத் திங்களில், எந்தக் கதவணையின் அடியில், எந்த இனத்தின் எவ்வளவு நீளமுள்ள குஞ்சுகள் திரள்கின்றன என்னும் பதிவு ஆண்டுதோறும் வேண்டும். பரிசலேறி வலைவீசும் மீனவர் இதனைக் கண்ணால் அறிந்தவர். அவர் கண்டதை அளவுகோலும் செவிக்கல்லும் கொண்டு எழுத்தில் ஏற்றுவது, காவிரியில் எஞ்சியிருக்கும் வலசை மீன்களைக் காப்பதற்கான தொடக்கமாகும்.

கலைச்சொற்கள்

வலசை – இரை தேடியோ இனப்பெருக்கத்துக்காகவோ உயிரினங்கள் பருவந்தோறும் மேற்கொள்ளும் இடப்பெயர்ச்சி
செவிக்கல் – மீனின் உட்செவியில் உள்ள சுண்ணக் கட்டி
விரலளவுக் குஞ்சு – கைவிரலின் நீளத்துக்கு வளர்ந்த மீன்குஞ்சு
கலிங்கு – ஏரி நிரம்பியபின் மிகுநீர் வெளியேறும் கட்டமைப்பு
கதவணை – கதவுகளை ஏற்றி இறக்கி நீரைத் தேக்கும் தாழ்ந்த அணை
மீன்வழி – அணையைக் கடந்து மீன் செல்ல அமைக்கும் நீர்ப்பாதை

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் ஏரி, குளம், ஆறு ஆகியவற்றில் கிடைக்கும் மீன்களின் பெயர்களை மீனவரிடம் கேட்டுத் தொகுக்க. ஒரே மீனுக்குக் குஞ்சுப் பருவத்திலும் வளர்ந்த பருவத்திலும் வேறு பெயர்கள் வழங்கினால் குறித்துக்கொள்க.
2. 4 சென்டிமீட்டர், 8 சென்டிமீட்டர் பக்க அளவுள்ள இரு கனசதுரங்களைச் செய்து, அவற்றின் மேற்பரப்பையும் கனஅளவையும் கணக்கிட்டு ஒப்பிடுக. முடிவை இப்பாடக் கருத்தோடு பொருத்தி வகுப்பில் பேசுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. மீனின் நீளம் இருமடங்காகும்போது அதன் எடை
அ) இருமடங்காகும் ஆ) நான்கு மடங்காகும் இ) ஆறு மடங்காகும் ஈ) எட்டு மடங்காகும்

2. கடலில் பிறந்து ஆற்றில் வளர்வது
அ) உல்லம் ஆ) விலாங்கு இ) சால்மன் ஈ) கட்லா

குறுவினா

1. செவிக்கல்லிலிருந்து அறியப்படும் செய்திகள் யாவை?
2. நீர்த்தேக்கங்களில் விரலளவுக் குஞ்சுகளை விடுவதன் காரணம் யாது?

சிறுவினா

1. ஒரே வயதுடைய சால்மன் குஞ்சுகள் வெவ்வேறு ஆண்டுகளில் கடலுக்குச் செல்வதை விளக்குக.
2. விலாங்கின் சிறிய உடல் ஏறும்போது உதவுவதும், பெரிய உடல் இறங்கும்போது இடராவதும் எவ்வாறு?

நெடுவினா

1. ‘மீனின் பயணக் காலத்தை அதன் உடலளவும் பருவமும் ஆறும் சேர்ந்தே முடிவு செய்கின்றன’ – காவிரியை எடுத்துக்காட்டாகக் கொண்டு கட்டுரை எழுதுக.